டேட்டாபேஸ் குவெரியில் 'இப்போது' என்பது எந்த நேரம்?

டேட்டாபேஸில் ஒரு லட்சம் வரிசைகளை ஒரே குவெரியில், அதாவது ஒரே கட்டளையில், அப்டேட் செய்கிறோம். முடிய ஒரு நிமிடம் ஆகிறது. ஆனாலும் இப்போதைய நேரத்தைத் தரும் நவ் (NOW) ஃபங்ஷன் எல்லா வரிசையிலும் ஒரே நேரத்தை எழுதி வைக்கிறது. இது ஏன் என்று பலருக்கும் குழப்பம்.

நவ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் அல்ல, டேட்டாபேஸ் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்ட நேரம். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் அதை ஸ்டேட்மென்ட், அதாவது அந்த ஒரு கட்டளை, தொடங்கும்போது குறிக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் அதற்கும் முந்தி, டிரான்சாக்ஷன் (ஒரே வேலையாக நடக்கும் கட்டளைகளின் தொகுப்பு) தொடங்கிய நேரத்தையே கடைசிவரை சொல்லும்.

காரணம் நல்ல காரணம்தான். நள்ளிரவைத் தாண்டி ஓடும் வேலை ஒன்றை நினைத்துப் பாருங்கள். நேரம் நகர்ந்துகொண்டே இருந்தால் பாதி வரிசைகள் நேற்றைய தேதியிலும் மீதி இன்றைய தேதியிலும் விழும். அப்புறம் கணக்கு பார்ப்பவர் பாடு திண்டாட்டம். குழுவாகப் படம் எடுக்கும்போது ஐம்பது முகங்களும் ஒரே கணத்தில் பதிவாகின்றனவே, அது மாதிரி.

சரி, நகரும் நேரமே வேண்டும் என்றால்? போஸ்ட்கிரெஸில் கிளாக் டைம்ஸ்டாம்ப், மைஎஸ்கியூஎல்லில் சிஸ்டேட். ஆனால் வரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் வேர் (WHERE) நிபந்தனையில் சிஸ்டேட்டைப் போடாதீர்கள். அங்கே தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் உதவாது, குவெரி மெதுவாகிவிடும்.

இந்த நேரம் பயனரின் போனிலிருந்தோ கணினியிலிருந்தோ வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். வருவது டேட்டாபேஸ் ஓடும் இயந்திரத்தின் கடிகாரத்திலிருந்து, எஸ்கியூலைட் டேட்டாபேஸின் கரன்ட் டைம்ஸ்டாம்ப் என்றால் அதுவும் யூடிசி எனும் உலகப் பொது நேரக் கணக்கில்.