டர்ஹாம் பல்கலைக்கழகத்தை எதற்காக மதிக்க வேண்டும்?

கேள்வி: இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கு அடுத்த இடம் டர்ஹாமுக்குத்தான் என்கிறார்களே, உண்மையா? அதன் வரலாறும் கல்லூரி முறையும் எப்படி?

"இங்கிலாந்தின் மூன்றாவது பழமையான பல்கலைக்கழகம்" என்ற பட்டத்தை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜ் 1826-இலும் கிங்ஸ் காலேஜ் 1829-இலும் தோன்றிவிட்டன. டர்ஹாமுக்கான சட்டம் 1832-இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அரச சாசனம் கிடைத்தது 1837-இல். எதைத் தொடக்கம் என்று கொள்வது என்பதைப் பொறுத்து மூன்று தரப்பும் அந்த இடத்துக்கு உரிமை கோருகின்றன. நான் அங்கே முதுகலை படித்தவன். எனக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. டர்ஹாமை மதிக்க அதைவிட நல்ல காரணங்கள் இருக்கின்றன.

டர்ஹாமில் உயர்கல்வி நிலையம் அமைக்கும் முயற்சி பழையது. மன்னராட்சி இல்லாத காலத்தில் இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் கிராம்வெல், 1657-இல் அங்கே ஒரு கல்லூரி தொடங்க ஆணையிட்டார். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் எதிர்த்தன. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் அந்தக் கல்லூரி இருந்த இடம் தெரியாமல் போனது. மறுபடி வாய்ப்பு வர ஏறக்குறைய 170 ஆண்டுகள் ஆயின. அதைக் கொண்டுவந்தது அச்சம். டர்ஹாம் பேராயத்துக்கு, அதாவது அங்கிருந்த திருச்சபை அமைப்புக்கு, நிலத்திலும் நிலக்கரியிலும் ஏராளமான வருமானம். ஆயர்களோ பல நூற்றாண்டுகளாகச் சிற்றரசர்கள் போலச் சொந்த நீதிமன்றங்கள்கூட வைத்திருந்தவர்கள். 1830-களில் சீர்திருத்த அலை எழுந்தபோது, அரசு கைவைப்பதற்குள் அந்தச் செல்வத்தின் ஒரு பகுதியை நல்ல காரியத்தில் போட்டுவிட வேண்டும் என்று பேராயத்தார் முடிவெடுத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் பல்கலைக்கழகம். அரச அதிகாரம் பெற்றிருந்த கடைசி ஆயரான வில்லியம் வான் மில்டர்ட் அதற்குப் பெரும் ஆதரவாக நின்றார். 1072-இல் கட்டத் தொடங்கிய டர்ஹாம் கோட்டை, பல்கலைக்கழகத்தின் யூனிவர்சிட்டி காலேஜுக்கு (லண்டனில் உள்ளது வேறு) இருப்பிடமாயிற்று. இன்றும் மாணவர்கள் அதற்குள்தான் வசிக்கிறார்கள். எதிரே நிற்கும் பேராலயத்தோடு சேர்த்து 1986-இல் அதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆனால் கோட்டையைவிட என்னைக் கவர்ந்தது 1846-இல் தொடங்கிய ஹாட்ஃபீல்டு ஹால் என்ற மாணவர் விடுதி. அதன் முதல் தலைவர் டேவிட் மெல்வில், வசதி குறைந்த மாணவர்களை மனத்தில் வைத்து மூன்று ஏற்பாடுகள் செய்தார். அறையில் மேசை நாற்காலி கட்டில் எல்லாம் விடுதியே தரும்; சாப்பாடு எல்லோருக்கும் பொதுக்கூடத்தில்; கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லப்படும். இதிலென்ன புதுமை என்று நமக்குத் தோன்றும். அன்றைய ஆங்கிலப் பல்கலைக்கழக வாழ்க்கையில், அறைக்கான சாமான்களைச் சொந்தச் செலவில் வாங்கி, ஆள் வைத்து அறைக்கே உணவு வரவழைக்கும் வழக்கம் இருந்தது. கையில் எவ்வளவு கரையும் என்று தெரியாமல் ஓர் ஏழைக் குடும்பம் மகனை எப்படி அனுப்பும்? அந்தத் தடையை மெல்வில் நீக்கினார்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. 1875-இல் பார்படோஸின் கோட்ரிங்டன் கல்லூரியையும் 1876-இல் சியரா லியோனின் ஃபூரா பே கல்லூரியையும் டர்ஹாம் தன்னோடு இணைத்துக்கொண்டது. மேற்கு ஆப்பிரிக்க மாணவர் ஒருவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறாமல், ஃப்ரீடவுனிலேயே படித்து டர்ஹாம் பட்டம் பெற முடிந்தது. காலனி ஆட்சி உச்சத்தில் இருந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது. பெண்களுக்கு 1895-இலேயே பட்டங்களைத் திறந்துவிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு அதைச் செய்தது 1920-இல், கேம்பிரிட்ஜ் 1948-இல். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிகன் திருச்சபையைச் சேராதவர்கள் தொடக்கத்தில் அங்கே படிக்கலாமே தவிரப் பட்டம் பெற முடியாது. இப்படி மதத்தைப் பார்த்துத் தடுக்கும் 'மதச் சோதனை'களுக்கு 1871 சட்டம்தான் முழுமையாக முற்றுப்புள்ளி வைத்தது.

அருகிலுள்ள நியூகாசில் நகரில் இயங்கிய டர்ஹாமின் பிரிவு 1963-இல் தனிப் பல்கலைக்கழகமாகப் பிரிந்தது.

இனிக் கல்லூரி முறை. இப்போது 17 கல்லூரிகள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளைப் போல அவை பாடம் நடத்துவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு போலத் தனி வகுப்புகளும் வைப்பதில்லை. பாடம் முழுவதும் துறைகளின் பொறுப்பு. தங்குவது, சாப்பிடுவது, விளையாடுவது, உடல்நலம் கெட்டால் யாரிடமாவது போய்ச் சொல்வது, இவைதான் கல்லூரியின் பங்கு. எனக்கு இது மிகப் பிடித்திருந்தது. இரவு உணவு மேசையில் ஒரு பக்கம் இறையியல் மாணவர், மறுபக்கம் அண்டவியல் ஆய்வாளர். துறைக்குள்ளேயே இருந்திருந்தால் இவர்களை நான் சந்தித்திருக்கவே மாட்டேன்.

புகழைப் பொறுத்தவரை, அண்டத்தைக் கணினியில் உருவகப்படுத்தும் ஆய்வில் டர்ஹாம் உலகின் முன்னணியில் இருக்கிறது. இறையியல், புவியியல், தொல்லியல் துறைகளுக்கும் நல்ல பெயர். ஆய்வில் முன்னணியில் நிற்கும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ரஸ்ஸல் குழுமத்தில் 2012-இல் சேர்ந்தது. குறையும் உண்டு. தனியார் பள்ளிகளில் படித்த வசதியான பிள்ளைகள் அங்கே அதிகம். வடக்கு இங்கிலாந்து உச்சரிப்போடு பேசும் மாணவர்கள் ஏளனத்துக்கு ஆளாகிறார்கள் என்ற புகார் 2020-இல் செய்திகளில் அடிபட்டது. சுரங்கத் தொழிலாளர்களின் மாவட்டத்தில், நிலக்கரிப் பணத்தில் எழுந்த பல்கலைக்கழகத்தில் இப்படி நடப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மெல்வில் எந்த மாணவர்களுக்காக ஹாட்ஃபீல்டைத் தொடங்கினாரோ, அவர்கள் அங்கே தயக்கமின்றி நடமாட வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு கிடைக்காதவர்களின் இடம் என்று நினைத்து விண்ணப்பிக்காதீர்கள். உங்கள் துறை அங்கே வலுவாக இருக்கிறதா, சிறிய ஊர் வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரைவிட, கல்லூரியே உணவு தருகிறதா, நீங்களே சமைக்க வேண்டுமா, துறைக்கு எவ்வளவு தூரம் என்பதைக் கேளுங்கள். மருத்துவம் படிக்க விரும்பினால் வேறு இடம் தேட வேண்டும். டர்ஹாமில் இப்போது அந்தப் படிப்பு இல்லை.