தண்டுவடக் காயம்: நடக்கும் வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: என் கணவர் எலக்ட்ரீஷியன், வயது 34. எட்டு மாதம் முன்பு மாடியிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டது. ஆபரேஷன் செய்தும் இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. சிறுநீருக்கு டியூப் போட்டிருக்கிறது. படுத்தே கிடக்கிறார், பேச்சும் குறைந்துவிட்டது. நான்தான் தூக்கி உட்கார வைக்கிறேன், எனக்கும் முதுகு வலிக்கிறது. சூடான எண்ணெய் ஒத்தடம் கொடுத்தால் நடப்பார் என்கிறார்கள். நடப்பாரா டாக்டர்?

பதில்: சகோதரி, முதலில் ஒத்தடத்தை நிறுத்துங்கள். உணர்வில்லாத தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். எட்டு மாதமாகியும் உணர்வு துளிகூடத் திரும்பவில்லை என்றால், பழையபடி நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் தள்ளிப்போட்டே பல குடும்பங்களில் வருடங்கள் போய்விடுகின்றன.

டியூபை நிரந்தரமாக வைத்திருந்தால் கிருமித் தொற்றும் கல்லும் வரும். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, சோப்புப் போட்டுக் கைகழுவி, மெல்லிய குழாயை அவரே செருகிச் சிறுநீரை வெளியேற்றிவிட்டு எடுத்துவிடலாம். அவருக்கு ஒத்துவருமா என்று சிறுநீரக மருத்துவரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம் படுக்கைப் புண். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்க வேண்டும். தினமும் ராத்திரி கைக்கண்ணாடியைப் பிடித்து வால் எலும்பு, புட்டம், குதிகால் எல்லாவற்றையும் அவரே பார்க்கட்டும். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால், மறையும் வரை அதன்மேல் பாரம் படக்கூடாது.

பேச்சு குறைந்தது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. சாகத் தோன்றுகிறது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு சிகிச்சைக்கு அடித்தளமிட்ட டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனுக்குக் கழுத்துக்குக் கீழே செயல் இல்லை. இந்த இரண்டு இடங்களிலும் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். எது பக்கமோ அங்கே போங்கள்.

உங்கள் கணவருக்குக் கைகள் நன்றாக இருக்கின்றன, தொழிலும் தெரியும். மிக்ஸி, ஃபேன் மோட்டாருக்குக் காயில் சுற்றுவது உட்கார்ந்து செய்கிற வேலைதானே? வாசலில் ஒரு அடி உயரப் படி இருந்தால், சக்கர நாற்காலி ஏற சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும். குளியலறைக் கதவில் நாற்காலி நுழையவில்லையா? கதவைக் கழற்றிவிட்டுத் திரை போடுங்கள்.

நீங்கள் இனி அவரைத் தூக்க வேண்டாம். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே வழவழப்பான பலகை வைத்து, கையூன்றி நகர்வதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். உங்கள் முதுகையும் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.