இது சோறு போடுமாங்க?

அண்ணா, உங்கள் மகள் பாப்பா நோய் எதிர்ப்பியல் ஆராய்ச்சிக்குப் போவதைப் பற்றி, கிளம்பும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டீர்களே, "இது சோறு போடுமாங்க?" என்று. பாப்பா பக்கத்தில் நின்றதால் அவசரமாகப் பதில் சொல்ல மனசு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டி செல்கள் நம் உடம்பில் கிருமிகளை அடிக்கிற காவல்காரர்கள். அவை வீட்டுக்காரரையே அடித்துவிடாமல் அடக்கிவைக்க ஒரு தனி ரகம் இருக்கிறது: ஒழுங்குபடுத்தும் டி செல்கள். ஜப்பானின் சகாகுச்சி 1995இல் இவற்றை அடையாளம் காட்டினார். தோல் செதில் செதிலாகி, பிறந்த சில வாரங்களில் செத்துப்போகும் ஒரு வகை எலியில் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு பழுதாகியிருப்பதை 2001இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் கண்டுபிடித்தார்கள். அதே மரபணு பழுதானால் ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தையிலேயே சர்க்கரை நோயும் நிற்காத வயிற்றுப்போக்கும் வரும். மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல்.

ஃபாக்ஸ்பி3 உருவாக்கும் புரதம் டிஎன்ஏ மேல் உட்கார்ந்து, எந்த மரபணு ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும். இப்படிப்பட்ட புரதத்துக்குப் படியெடுப்புக் காரணி என்று பெயர். ஆனால் ஃபாக்ஸ்பி3 தானாக விழித்துக்கொள்ளாது. தைமஸ் சுரப்பியில் வளரும் செல், சொந்த உடம்பின் புரதத்தைச் சற்று அழுத்தமாகப் பிடித்துக்கொண்டால் சி-ரெல் போன்ற காரணிகளும், ஐஎல்-2 என்ற சேதி சொல்லும் புரதம் தூண்டினால் ஸ்டாட்5 என்ற காரணியும் வந்து ஃபாக்ஸ்பி3ஐத் திறக்கின்றன. அப்புறம் அந்த மரபணுவின் ஒரு பகுதியில் ஒட்டிக்கொண்டு அதை அடைத்துவைக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் நீங்க வேண்டும். அப்போதுதான் செல் எத்தனை முறை பிரிந்தாலும் குணம் மாறாது. தடப்பள்ளி வாய்க்காலில் மடையைத் திறப்பது ஒரு வேலை, உங்கள் முறை முடியும்வரை அது அடைபடாமல் காப்பது இன்னொரு வேலை இல்லையா, அந்த மாதிரி. "திறக்கிறது சரிங்க சார், திறந்தபடியே வெச்சிருக்கறது யாருங்க?" என்று பாப்பா கேட்டாள். பி.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் இந்தக் கேள்வி வருவது லேசில்லை. நீங்கள் அப்போது போனில் பட்டுக்கூடு விலை பேசிக்கொண்டிருந்தீர்கள்.

சரி, சோறு. எம்.எஸ்சி.யோடு நிறுத்தினால் சம்பளம் சுமார்தான், ஒளிக்க மாட்டேன். இந்தத் துறைக்கு பிஎச்.டி. வேண்டும், ஐந்தாறு வருடம் பிடிக்கும். ஆனால் சிஎஸ்ஐஆர்-யூஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகையை வாங்கிவிட்டால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பெங்களூரு ஐஐஎஸ்சி, டெல்லியின் தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனம் போன்ற இடங்களில் இந்த வேலை நடக்கிறது.

ஒன்று மட்டும் கண்டிப்பு: தோட்டத்தை அடமானம் வைத்துத் தனியாரில் எம்.எஸ்சி. சேர்க்காதீர்கள். எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம், கேட்-பி நுழைவுத் தேர்வுகளை எழுதட்டும். கேட்-பி வழியாகக் கிடைக்கும் மத்திய அரசு உதவி பெறும் இடங்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவைக்கட்டும்.

அதற்கு முன் ஒரு கோடை விடுமுறையை ஆய்வகத்தில் கழித்துப் பார்க்க வேண்டும். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து அதற்கு உதவித்தொகை தருகின்றன. செல் வளர்ப்புக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது; மூன்று வாரப் பாடு ஒரே நாளில் பூஞ்சை பிடித்துப் போகும். பட்டுப்புழு மனையில் வளர்ந்த பெண்ணுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அங்கே இரண்டு மாதம் இருந்துவிட்டு அவளே சொல்லட்டும்.

கல்யாணம் பற்றி அம்மா கேட்கச் சொன்னதாகச் சொன்னீர்கள். அதை அவரே வந்து கேட்கட்டும், அடுத்த முறை கூட்டிக்கொண்டு வாருங்கள்.