சின்ன மிரர்லெஸ் கேமரா: வடசென்னை நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஒன்றரை வருடமாக என் தோளில் தொங்குவது கேனான் ஆர்50. 2023 பிப்ரவரியில் அறிவித்த தொடக்க நிலை மிரர்லெஸ் (டிஎஸ்எல்ஆர் போல உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா), 24.2 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு). நான் ராயபுரத்துக்காரன். காசிமேடு, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி என்று இதைத் தூக்கிக்கொண்டு சுற்றுவதைப் பார்த்து ஆளாளுக்கு நிறுத்தி விசாரித்தார்கள். நின்ற வாக்கில் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. கேள்விகளை எழுதிக் கொடுங்கள் என்றேன். வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவர்): அண்ணா, என் ஃபோன்லயே படம் நல்லா வருது. இதுக்கு எதுக்குத் தனியா செலவு பண்ணணும்?

வெயிலில், பக்கத்தில் நிற்கும் ஆளை எடுத்து, ஃபோன் திரையிலேயே பார்க்கப் போகிறாய் என்றால் வாங்காதே தம்பி. வெளிச்சம் இறங்கின பிறகும், ஆள் ஓடும்போதும்தான் வித்தியாசம் தெரியும். இதன் சென்சார் 22.3க்கு 14.9 மில்லிமீட்டர். ஃபோனில் இருப்பதைவிடப் பல மடங்கு பரப்பு. இருட்டில் ஃபோன் பல படங்களை ஒன்றாகச் சேர்த்து, நாய்ஸை (படத்தில் விழும் புள்ளிகளை) வழித்தெடுத்து முகத்தை மெழுகிவிடுகிறது. வியாசர்பாடி மைதானத்தில் சாயங்காலம் பந்தோடு ஓடும் பையனை இரண்டிலும் எடுத்துப் பார். நெற்றி வியர்வை எதில் தெரிகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்.

கேள்வி (புதுவண்ணாரப்பேட்டை, வங்கி ஊழியர்): காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தை எடுக்க ஆசை. இது போதுமா சார்?

அங்கே எடுக்க இதைவிடத் தோதான சைஸ் இல்லை என்பேன். பேட்டரி, கார்டோடு பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) 375 கிராம், கிட் லென்ஸ் 130 கிராம், ஆக மொத்தம் அரைக் கிலோ. முன்பு பெரிய கேமராவோடு போவேன். "எந்த டிவி சார்?" என்று நான்கு பேர் கூடிவிடுவார்கள், ஏலம் விடுகிற அக்கா பேச்சை நிறுத்திவிட்டுப் புடவைத் தலைப்பைச் சரி செய்வார். இதோடு போனால் முதலில் ஒருமுறை பார்க்கிறார்கள், அப்புறம் அவரவர் வியாபாரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். திரையைப் பக்கவாட்டில் திறந்து, கேமராவை ஐஸ் பெட்டி உயரத்துக்கு இறக்கி எடுக்கலாம். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ், கூட்டத்தில் ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டினால் கூடை குறுக்கே போய் வந்தாலும் பெரும்பாலும் அதே முகத்தில் நிற்கிறது. இந்த விலைக்கு இது பெரிய விஷயம்.

கேமரா சின்னது என்பதற்காகத் திருட்டுத்தனமாக எடுக்காதீர்கள். யாரை எடுத்தாலும் கண்ணால் ஒருமுறை கேளுங்கள். அது அவர்கள் உழைக்கிற இடம்.

இப்போது குறைக்கு வருகிறேன். கூடவே தருகிற 18-45மிமீ கிட் லென்ஸ் விடியற்காலைக்கு ஆகாது. 45இல் வைத்தால் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) எஃப்/6.3க்கு மேல் திறக்காது; எஃப் எண் சின்னதானால்தான் துளை பெரிதாகும். கூடை தூக்கும் கை ஆடாமல் நிற்க ஷட்டர் வேகம் 1/250 நொடி வைத்தேன். ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு, கூட்டினால் புள்ளியும் கூடும்) 12800க்குப் போய்விட்டது. வஞ்சிரத்தின் முதுகில் இருக்கும் நீலப் பளபளப்பு முழுக்க மணல் தூவினது போல வந்தது. அதே இடத்தில் 50மிமீ எஃப்/1.8 லென்ஸ் மாட்டினால் ஏறத்தாழ 12 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதே ஷட்டருக்கு ஐஎஸ்ஓ 1000 போதும். செதில் செதிலாகத் தெரியும். பாடி அதேதான், லென்ஸ் மட்டும்தான் மாறியது. அதனால் யார் கேட்டாலும் சொல்கிறேன்: பாடியில் மிச்சம் பிடியுங்கள், அந்தக் காசை லென்ஸில் போடுங்கள்.

ஒன்று மட்டும். இந்த சென்சாரில் 50மிமீ என்பது பெரிய (ஃபுல் ஃபிரேம்) சென்சாரில் 80மிமீ மாதிரி நெருக்கிக் காட்டும். ஏலக் கூட்டத்தில் பின்னால் நகர இடம் கிடைக்காது. அங்கே எனக்குப் பிடித்தது 28மிமீ எஃப்/2.8. 120 கிராம், பிஸ்கட் தடிமன், மனிதன் நின்று பார்க்கிற அளவுக்குத்தான் காட்டும்.

கேள்வி (திருவொற்றியூர், ஆசிரியை): கடற்கரை ஓரம் வீடு. உப்புக் காற்றில் கேமரா வீணாகிவிடும் என்கிறார்களே?

பயம் நியாயமானதுதான் மேடம். இந்த கேமராவுக்கு நீர், தூசி புகாத சீலிங் கிடையாது. மழையிலும் அலைச் சாரலிலும் நம்ப வேண்டாம். என் பழைய லென்ஸ் ஒன்றை ஒரு ஐப்பசி, கார்த்திகை முழுக்கத் துணிப்பைக்குள்ளேயே விட்டுவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது உள் கண்ணாடியில் சிலந்தி நூல் போல வெள்ளையாகப் படர்ந்திருந்தது. பூஞ்சை. சுத்தம் செய்யக் கொடுத்தேன், முழுக்கப் போகவில்லை. இன்றும் சூரியனுக்கு எதிரே பிடித்தால் படம் வெளிறுகிறது.

அதற்குப் பிறகு கண்டிப்பாகச் செய்வது இதுதான். சமையலறைக்கு வாங்கும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். துணிப்பையையும் தோல் உறையையும் டப்பாவுக்குள் போடாதீர்கள், அவைதான் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. கடற்கரையிலிருந்து வந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒருமுறை. உப்பு காய்ந்து உட்கார்ந்த பிறகு தேய்த்தால் கீறல்தான் விழும். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தாலும் லென்ஸ் வியர்த்துவிடும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் வைத்திருந்து அப்புறம் திறங்கள். எண்ணூர் பக்கம் போனால் காற்றில் சாம்பல் இருக்கும், அங்கே லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். வாரம் ஒருமுறையாவது எடுத்துப் படம் எடுங்கள். புழங்குகிற லென்ஸில் பூஞ்சை சுலபத்தில் பிடிக்காது.

கேள்வி (வண்ணாரப்பேட்டை, கல்யாண வீடியோக்காரரிடம் உதவியாளர்): இதை வைத்துத் தனியாகக் கல்யாண ஆர்டர் எடுக்கலாமா அண்ணா?

இது ஒன்றை மட்டும் நம்பி எடுக்காதே தம்பி. கார்டு போட ஒரே ஒரு இடம்தான். தாலி கட்டுகிற நேரத்தில் கார்டு செத்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வாய்? எல்பி-இ17 பேட்டரி 1040 எம்ஏஎச். முகூர்த்தத்துக்கு இரண்டு, வரவேற்புக்கு இன்னொன்று என்று கையில் வைத்திருக்க வேண்டும். அப்புறம் ஃபிளாஷ். மேலே ஃபிளாஷ் சொருகும் இடம் (ஷூ) புது மாதிரி. உன் முதலாளியிடம் இருக்கும் பழைய ஃபிளாஷை அப்படியே சொருகினால் எரியாது, ஏடி-இ1 என்ற அடாப்டர் வேண்டும். இது தெரியாமல் மண்டபத்துக்குப் போய் நின்றால் அவ்வளவுதான். இரண்டாவது கேமராவாக, மணப்பெண் அறையில் அலங்காரம், பாட்டி தாத்தா முகம் என்று கேண்டிட் எடுக்க அருமை. அப்படி ஒரு வருடம் கை பழகு.

கேள்வி (வியாசர்பாடி, குத்துச்சண்டைப் பயிற்சியாளர்): எங்கள் பிள்ளைகள் சண்டை போடுவதை எடுக்க வேகம் பத்துமா?

நொடிக்கு 12 படம் எடுக்கும், வேகம் தாராளம். ஆனால் உள் நினைவகம் சின்னது. ரா-வில் (பதப்படுத்தாத மூலப் படம்) அழுத்திப் பிடித்தால் சீக்கிரமே மூச்சு வாங்கி நின்றுவிடும். ஜேபெக் (சுருக்கிய சின்ன ஃபைல்) வைத்து, குத்து விழும் கணத்துக்குச் சின்னச் சின்னதாக அழுத்துங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அங்கே தொடாதீர்கள். வீசுகிற கை வளைந்து வரும், எல்இடி விளக்கில் கோடு கோடாக விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பயிற்சிப் படங்களுக்கு 1/100 வைத்தால் கோடு குறையும். சண்டைக்கு 1/500 வேண்டும். அப்போது கொஞ்சம் பட்டை விழுந்தாலும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கேள்வி (கொருக்குப்பேட்டை, சமையல் வீடியோ போடும் அக்கா): தம்பி, தனி ஆளா மீன் குழம்பு வைக்கிறதை எடுக்கணும். சரியா வருமா?

உங்களுக்குத்தான் இது ரொம்பப் பொருத்தம் அக்கா. திரையை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம், சட்டியைக் காட்டினால் ஃபோகஸ் சட்டிக்கு வந்து திரும்ப முகத்துக்குப் போகும். 4கே-யில் நொடிக்கு 30 ஃபிரேம், ஓரம் வெட்டுப்படாமல் வரும். தாளிப்பை மெதுவாகக் காட்ட ஃபுல் எச்டி-யில் 120 ஃபிரேம் இருக்கிறது. மைக் சொருகலாம், ஆனால் ஹெட்ஃபோன் சொருக இடமில்லை. முதலில் பத்து நொடி எடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பாடிக்குள் அதிர்வு தாங்கும் வசதி கிடையாது, கையில் பிடித்து நடந்தால் ஆடும். ட்ரைபாட் போதும். அடுப்பு ஆவி லென்ஸில் படாத தூரத்தில் வையுங்கள்.

கேள்வி (எண்ணூர்): பழவேற்காட்டில் பூநாரை எடுக்க முடியுமா?

55-210மிமீ லென்ஸை முழுக்க நீட்டினால் இதில் 336மிமீ போலத் தெரியும். தூரத்தில் நிற்கும் கூட்டத்தை நிலக்காட்சியாக எடுக்கலாம், ஒற்றைப் பறவைக்குப் பற்றாது. அதற்கு 100-400மிமீ லென்ஸ் வேண்டும். பறவையின் கண்ணை பாடியே பிடித்துக்கொள்ளும்.

கேள்வி (பெரம்பூர்): மாமாவின் பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் இருக்கின்றன. மாட்டலாமா?

மாட்டலாம். இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டர் ஒன்று வாங்கினால் ஆட்டோஃபோகஸ் நன்றாகவே வேலை செய்யும். சின்னக் கேமரா என்ற சுகம் மட்டும் போய்விடும். பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி (காசிமேடு, பத்தாம் வகுப்பு மாணவர்): அண்ணா, சித்தப்பா இந்த கேமராவும் 50மிமீ லென்ஸும் கொடுத்திருக்கார். அப்பா வலை பின்னுறதை எடுக்கணும். அவர் கை மட்டும் தெரியணும். எப்படி வைக்கிறது?

உன் கேள்வியைத்தான் கடைசிக்கு எடுத்து வைத்தேன் தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும், அப்பா முழு நாளும் வலையோடு உட்கார்ந்திருப்பார். அவசரமே இல்லை. நமக்குக் கடல் கிழக்கே, அதனால் காலை ஆறு மணிக்குமேல் வெயில் தாழ்வாகப் பக்கத்திலிருந்து அவர் கையில் விழும். எட்டு மணிக்குள் முடித்துவிடு, அப்புறம் வெயில் உச்சிக்கு ஏறி விரல் நிழலைத் தின்றுவிடும்.

ஏவி மோடில் வை (அப்பர்ச்சரை நீ வைப்பாய், ஷட்டரை கேமரா பார்த்துக்கொள்ளும்). எஃப்/1.8 ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் இவ்வளவு பக்கத்தில் வலை ஊசி தெளிவாக இருந்தால் கட்டைவிரல் மங்கிவிடும். எஃப்/4 வை. முகம் கண்டுபிடிப்பதை அணைத்துவிட்டு ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வைத்து, நூல் முடிச்சு விழும் இடத்தில் புள்ளியைத் தொட்டுக்கொள். ஷட்டர் 1/250க்குக் கீழே போனால் ஐஎஸ்ஓவைக் கூட்டு. இந்த லென்ஸ் ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது, ஒரு அடி தள்ளி உட்கார். முடிச்சை இறுக்க அவர் நூலை இழுக்கும்போது புறங்கை நரம்பு எழும்பும். அந்த நேரத்தில் அழுத்து.