பகலில் விட்ட சிகரெட் ராத்திரியில் கூப்பிடுகிறது

கேள்வி: எனக்கு வயது 46. பினாங்கு, பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. 22 வருடமாக நாளுக்கு 20 சிகரெட் பிடித்தவன். தைப்பூச விரதம் தொடங்கிய அன்று விட்டேன். தண்ணீர்மலையில் காவடி இறக்கிய பிறகும் தொடவில்லை. ஏழு மாதம் ஆகிறது. பகல் ஷிப்டில் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தேன். மூன்று வாரத்துக்கு முன் நைட் ஷிப்டுக்கு மாற்றினார்கள். விடியற்காலை 3 மணி ரெஸ்ட்டில் ஆசை தாங்க முடியவில்லை. கனவில்கூடப் பிடிக்கிறேன். நிக்கோடின் இன்னும் உடம்பில் இருக்கிறதா டாக்டர்? ஒன்றே ஒன்று இழுத்தால் அடங்கிவிடுமா? வேண்டுதல் கெட்டுவிடும் என்ற பயத்தில் மனைவியிடமும் சொல்லவில்லை.

பதில்: ஐயா, பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். பகல் ஷிப்டில் நன்றாக இருந்தேன் என்கிறீர்களே, அதுதான் விஷயம்.

நிக்கோடின் கடைசி சிகரெட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் இரத்தத்தைவிட்டுப் போய்விடும். எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் தணியும். நிக்கோடினால் மூளையில் பெருகிப்போயிருந்த ஏற்பிகளும் (நிக்கோடின் போய் ஒட்டும் இடங்கள்) ஏறக்குறைய மூன்று மாதத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆக, இப்போது கேட்பது உடம்பு இல்லை. அந்த 3 மணியும், அந்த இடமும்தான்.

நீங்கள் சிகரெட்டை விட்டதும், அது இல்லாமல் பழகியதும் பகலில். காலை டீ, மதியச் சாப்பாடு, வேலை முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும் நேரம் என்று ஒவ்வொன்றையும் சிகரெட் இல்லாமல் நூறு தடவைக்கு மேல் கடந்துவிட்டீர்கள். அந்தப் பாடத்தை மூளை படித்துவிட்டது. ராத்திரிப் பாடத்தை இப்போதுதான் பிரித்திருக்கிறீர்கள். என்னிடம் வரும் லோரி ஓட்டுநர் ஒருவர், விட்டு இரண்டு வருடம் ஆனவர். டோல் சாவடி தெரிந்தாலே இன்னும் அவர் கை சட்டைப் பைக்குப் போகிறது. பை காலி என்று தெரிந்ததும் தானே சிரித்துக்கொள்வாராம்.

ஆசை வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. அதற்குள் இடத்தை மாற்றுங்கள், முகம் கழுவுங்கள், வாயில் ஒரு கிராம்பு போட்டுக்கொள்ளுங்கள். எதுவும் செய்யாவிட்டாலும் அது வடியும். ரெஸ்ட்டில் கூட்டாளிகள் ஓரமாகப் போய்ப் பற்றவைப்பார்கள். சும்மா பேச்சுத் துணைக்கு என்று நீங்களும் போகாதீர்கள். மாமாக் கடையிலும் அதே கதைதான். 2019 முதல் சாப்பாட்டுக் கடையில் பிடிக்கத் தடை, மூன்று மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அந்தச் சட்டம் உங்களுக்கு நல்ல வசதி. தே தாரிக்கோடு மேசையிலேயே உட்கார்ந்திருங்கள், அவர்கள் திரும்பி வருவார்கள்.

அப்புறம் கோப்பி. சிகரெட் புகை, கஃபீனைக் கல்லீரல் சீக்கிரம் கரைக்கும்படி செய்யும். விட்ட பிறகு அதே கோப்பி உடம்பில் அதிக நேரம் தங்கும். நைட் ஷிப்டில் தூக்கம் விரட்ட மூன்று நான்கு கிளாஸ் கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) குடிக்கிறீர்களானால், அந்தப் படபடப்பைச் சிகரெட் ஆசை என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. ஒன்றோடு நிறுத்திப் பாருங்கள். பகலில் அறையை இருட்டாக்கித் தூங்குங்கள். தூக்கம் கெட்ட நாளில்தான் மனசு சீக்கிரம் விட்டுக்கொடுக்கும்.

கனவைப் பற்றிப் பயமே வேண்டாம். விட்டவர்கள் பலருக்கு மாதக்கணக்கில் வரும். விழித்ததும் 'ஐயையோ, பிடித்துவிட்டோமே' என்று பதறினீர்கள் அல்லவா? விட வேண்டும் என்ற எண்ணம் உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது.

ஒன்றே ஒன்று? வேண்டாம். ஆசை அடங்காது, 3 மணிக்குச் சிகரெட் உண்டு என்ற பழைய கணக்கைத்தான் மூளைக்கு ஞாபகப்படுத்தும். வேப் என்கிற மின் சிகரெட்டும் வேண்டாம், பெரும்பாலானவற்றில் இருப்பது அதே நிக்கோடின். தப்பித்தவறி ஒன்று பிடித்தே விட்டால், ஏழு மாதமும் வீண் என்று முழுப் பெட்டியையும் காலி செய்யாதீர்கள். மிச்சத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு அன்றைக்கே தொடருங்கள்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்தில் குறையாவிட்டால், அரசாங்க கிளினிக்கில் 'பெர்ஹெந்தி மெரோக்கோக்' (சிகரெட்டை விட உதவும்) பிரிவு எங்கே என்று கேட்டுப் போங்கள். ஏழு மாதம் கழித்து வருகிறோமே என்று கூச்சப்படாதீர்கள், அவர்கள் தினம் பார்ப்பதுதான். நிக்கோடின் சூயிங்கம் தேவையா என்று அங்கே முடிவு செய்வார்கள். கொடுத்தால் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிட வேண்டும். கோப்பி குடித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். எதிலும் மனம் ஒட்டாமல் சோர்வாகவே இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இருமலில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, மார்பு வலி இருந்தால் இரண்டு வாரம் எல்லாம் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

வேண்டுதல் விஷயத்தில் நான் டாக்டர், பூசாரி இல்லை. ஆனால் ஆசை வந்ததாலேயே எதுவும் கெடாது என்பது என் எண்ணம். மனைவியிடம் சொல்லிவிடுங்கள். 3 மணிக்கு அவரை எழுப்ப வேண்டாம், வாட்ஸ்அப்பில் 'வந்தது, போய்விட்டது' என்று ஒரு வரி போடுங்கள். காலையில் எழுந்ததும் பார்த்துக்கொள்வார்.