குகை இருளில் படமெடுக்க

கேள்வி: மேகாலயாவின் மாவ்ம்லூ குகைக்குள் நண்பர்களுடன் சென்று படமெடுக்க விரும்புகிறேன். என்னிடம் கேமராவும் அதன் மேல் பொருத்தும் ஃப்ளாஷும் இருக்கின்றன. இவை போதுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: போதும்; ஆனால் ஃப்ளாஷைக் கேமராவின் மேல் பொருத்தாதீர்கள். குகைக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால், லென்ஸுக்கு அருகிலிருந்து பாயும் ஒளி உங்கள் மூச்சின் ஆவியிலும் மிதக்கும் நீர்த்துளிகளிலும் பட்டுத் திரும்பி, படமெங்கும் வெண்புள்ளிகளாக விழும். பாறையின் மேடுபள்ளங்களும் நிழலின்றித் தட்டையாகிவிடும். முக்காலியில் கேமராவை நிறுத்தி, டார்ச் வெளிச்சத்தில் நண்பரின் மேல் குவியம் வைத்துக்கொண்டு, விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு ஷட்டரை 30 விநாடி திறந்து வையுங்கள். அந்த நேரத்துக்குள் அவர் தம் பின்னாலோ பக்கவாட்டிலோ ஃப்ளாஷைக் கையாலேயே ஒளிரச் செய்தால், குகையின் ஆழமும் மனித அளவும் ஒருசேரப் பதியும். 1860களின் தொடக்கத்தில் பாரிஸின் நிலத்தடி எலும்புக் கிடங்குகளை மின்வில் விளக்கின் ஒளியில் படமெடுத்த ஃபெலிக்ஸ் நதார், ஒரு படத்துக்கு 18 நிமிடம் வரை ஒளி தேவைப்பட்டதால், அசையாமல் நிற்க மனிதர்களுக்குப் பதில் பொம்மைகளை நிறுத்தினார். ஃப்ளாஷ் கண்சிமிட்டும் நேரமே ஒளிர்வதால், உங்கள் நண்பருக்கு அந்தச் சிரமம் இல்லை.

படத்துக்கான ஒளி வேறு, உயிருக்கான ஒளி வேறு. தலைக்கவசத்தில் ஒன்றும் பையில் இரண்டுமாக, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே மூன்று விளக்குகள் இருக்க வேண்டும் என்பது குகையாளர்கள் தளர்த்தாத விதி. ஃப்ளாஷ் அந்தக் கணக்கில் சேராது. சோஹ்ரா எனப்படும் சிரபுஞ்சிக்கு அருகிலுள்ள இந்தக் குகைக்குள் நீரோடை செல்வதால், மழைக்காலத்தில் நுழையவே வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வறண்ட மாதங்களில், குகையை அறிந்த உள்ளூர் வழிகாட்டியுடன் மட்டும் செல்லுங்கள்.

குளிர்காலத்தில் வெளிக்காற்றைவிடக் குகை வெதுவெதுப்பாக இருப்பதால், குளிர்ந்த லென்ஸ் உள்ளே வந்ததும் பனி பூக்கும். நீர்புகாப் பெட்டியைத் திறக்காமல் சிறிது நேரம் வைத்திருந்து, சேற்றுக் கையுறையைக் கழற்றிய பிறகே கேமராவைத் தொடுங்கள்.

தரையிலிருந்து எழும் சுண்ணாம்புப் படிவங்களின் மேல் கையோ முக்காலியோ படக் கூடாது. இந்தக் குகையில் கிடைத்த அத்தகைய ஒரு படிவத்தை அடிப்படையாகக் கொண்டுதான், 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய காலப்பகுதிக்கு 2018இல் 'மேகாலயக் காலம்' என்று புவியியலாளர்கள் பெயரிட்டார்கள்.