வலிப்பு நோய் இருப்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா?

சேலம் அம்மாபேட்டையில் தங்கைக்கு வரன் பார்க்கும் நீங்கள், அவர் வலிப்பு நோய்க்கு மாத்திரை எடுப்பதை மறைத்துவிடும்படி உறவினர்கள் வற்புறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். மறைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மறைத்துத் திருமணம் செய்துவைத்தால், புகுந்த வீட்டில் யார் கண்ணிலும் படாமல் மாத்திரை விழுங்க வழியின்றி அவர் அதை நிறுத்திவிடக்கூடும். அப்படித் திடீரென நிறுத்துவதும், கல்யாண நாட்களின் தூக்கக் குறைவும் சேர்ந்து வலிப்பைத் திரும்ப வரவழைக்கும், சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகும்.

திரும்பத் திரும்ப வரும் வலிப்பை 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த இந்து திருமணச் சட்டமே, 1999-இல் அதை நீக்கிவிட்டது. உரிய சிகிச்சை கிடைத்தால் சுமார் 70 விழுக்காட்டினர் வலிப்பின்றி வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பழக்கத்தால் எந்தப் பயனும் இல்லை என்பதையும் இரு வீட்டாருக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஜாதகம் பொருந்திய பின், நிச்சயதார்த்தத்துக்கு முன்பாக, தரகர் வழியாக அல்லாமல் தங்கையே மணமகனிடம் பேசட்டும். பிறகு இருவரும் சேர்ந்து நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது; குறிப்பாக, தங்கை எடுப்பது வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து என்றால் அது கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால், தானாக நிறுத்தாமல், கருத்தரிப்பதற்கு முன்பே மாற்று மருந்தைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.